நாலு நாள் போத்தல்

இரண்டு பேர் சண்டை போட்டால் நாமெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்ப்போம். யார் பக்கம் நியாயம் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். அவள் மட்டும் அவர்கள் நிற்கிற இடத்தைப் பார்ப்பாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ஏதாவது ஒன்றைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பாள். சண்டை நின்றுவிடும். எனக்கு அது பிடிக்காது. சண்டை என்றால் ஒருத்தர் ஜெயிக்க வேண்டும், ஒருத்தர் தோற்க வேண்டும், அப்போதுதான் அது முடிந்த கணக்கு என்று நினைக்கிற ஆள் நான்.

அவள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு பீலி. மேல் மலையிலிருந்து தண்ணீர் வந்து விழும் அந்த இடத்தில்தான் இருபது குடும்பமும் குளிக்கும், துவைக்கும், சண்டை போடும். இரண்டு பொம்பளைகளுக்கு அங்கே தினமும் காலையில் வாய்த்தகராறு. கங்காணி வந்து பஞ்சாயத்துப் பண்ணினார், மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கினார், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தோட்டக்காரனிடம் அலவாங்கு கடன் வாங்கிக்கொண்டு போய், ஒற்றை ஆளாகத் துவைக்கிற கல்லை நெம்பி அந்தப் பக்கம் புரட்டிப் போட்டுவிட்டு வந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு துவைக்கிறவளும் தண்ணீர் பிடிக்கிறவளும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க முடியும். ஒரு வாரத்தில் பீலி அமைதியாகிவிட்டது. யார் மேல் தப்பு என்று நான் கேட்டதற்கு, அது தெரியாது என்று சொன்னாள். தெரிந்துகொள்ள ஆசை இருந்த மாதிரியும் தெரியவில்லை.

நான் வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் துரை பங்களாவில் சமையல்காரனாக இருந்தேன். குசினி என் ராஜ்ஜியம். அங்கே யார் நிற்கலாம், யார் போகலாம் என்று நான்தான் சொல்வேன். வீடு கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்றபோது என் அக்காள் மகளைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். துரைசாணி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதனால் வந்த நாளிலிருந்தே எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் பெயரை என் வாயால் மரியாதையாகச் சொன்ன நாள் ஒன்றுகூட இல்லை, இப்போது மட்டும் என்ன.

அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். மலையில் வாகை மரம் வெட்டும்போது கொப்பு விழுந்து புருஷன் போய்விட்டான். பிள்ளை கிடையாது. புருஷனுடைய அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், இவள், எல்லோருக்கும் சேர்த்து லயத்தில் ஒரே காம்பரா, ஒற்றை அறை. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்து சுருங்கிய தழும்பு இருந்தது. ஓரகத்திகளில் ஒருத்தி கொதிக்கிற கஞ்சித் தண்ணீரை ஊற்றிவிட்டாள் என்று ஊருக்கே தெரியும். என்னதான் நடந்தது என்று நான் ஒருநாள் கிண்டிப் பார்த்தேன்.

“ஒரு காம்பராவுல மூணு அடுப்புண்ணே” என்றாள்.

 ஊற்றியவளைத் திட்டவில்லை. பங்களாவுக்குப் பின்னால் விறகு அறையை ஒட்டிப் பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு சின்ன அறை வேலைக்காரிக்கென்று இருந்தது. முதல்நாள் அதைக் கூட்டிவிட்டு, கதவைச் சாத்தி, திறந்து, மறுபடியும் சாத்திப் பார்த்தாள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. அந்த அறைக்காக அவள் என்ன வேலையும் செய்வாள் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொண்டது நல்லதுக்கில்லை.

மீன் வந்தது அதற்கு அடுத்த வருஷம். துரைசாணி கொழும்புக்குப் போன இடத்தில் யார் வீட்டிலோ பார்த்துவிட்டு, ஏழு சண்டைமீன்களை ரயிலில் கம்பளி சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். ஆண் மீன் இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று செத்துத்தான் ஓயுமாம். பெண் மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம் என்று ஏதோ புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். அதனால் ஏழும் பெண். எங்கள் குளிருக்கு அவை தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துரைசாணிக்கு முகம் தொங்கிப் போயிற்று. அப்போது இந்த மகா புத்திசாலிதான் வாயைத் திறந்தேன். குசினிப் புகைக்கூண்டு சுவருக்கு அந்தப் பக்கம், சாமான் அறையில் வைத்தால் கதகதப்பாக இருக்கும் அம்மா என்றேன். வைத்தார்கள். நானும் பெருமையாக விறகைக் கூடவே தள்ளினேன். மீன்களுக்கு உயிர் வந்தது. நிறம் வந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒன்று வயிறு கிழிந்து, ஒரு கண் இல்லாமல் மிதந்தது.

துரைசாணி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். இனிமேல் மீனுக்கு ஒரு ஆள் பொறுப்பு, இன்னொன்று செத்தால் அந்த ஆள் பங்களாவில் இருக்க வேண்டாம் என்றார். நான் உடனே, எனக்குக் குசினி வேலையே தலைக்கு மேலே இருக்கிறது, இவள் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க சாக்கை விரித்துத் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு தடவை போய்க் கத்தினேன், அசையவில்லை. சாயந்தரம் ஆறுக்கும் பெயர் வைத்திருந்தாள். எல்லாம் அவள் லயத்துப் பொம்பளைகளுடைய பெயர். இருக்கிறதிலேயே பெரியது, செவுளை விரித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விரட்டியது, அதற்கு மட்டும் கங்காணி என்று வைத்தாள். கடி வாங்கப் போகிற மீன் எது என்பதை முன்னாலேயே கண்டுபிடிக்க ஒரு வழியும் கண்டுவைத்திருந்தாள். பயந்த மீன் உடம்பு வெளுத்து, தலையிலிருந்து வால் வரைக்கும் கறுப்பாகக் கோடு விழுமாம். நான் போய்ப் பார்த்தேன். ஒன்று மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. கோடு இருந்தது. எத்தனை தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன், என் கண்ணில் அது படவே இல்லை.

மறுநாள் என் குசினிக்கு வந்து நின்றாள். பூனை மாதிரி வருவாள், வந்தது தெரியாது.

“அடுப்பக் கொஞ்சம் அடக்குங்கண்ணே. சூடு ஏற ஏற அவளுகளுக்கு வெறி ஏறுது” என்றாள்.

ஒரு சமையல்காரனிடம் போய் அடுப்பை அடக்கு என்று சொல்வதா! துரை சாப்பிடுவது மீனையா சோற்றையா என்று எகிறினேன். அவள் சாமான் அறைக்குப் போனாள். தொட்டியின் கால்களை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டாள். ஓடையிலிருந்து பாசி கொண்டுவந்து அடர்த்தியாக நட்டாள். உடைந்த கோப்பைகள், பூந்தொட்டி ஓடு, கூழாங்கல் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, ஒரு மூலையிலிருந்து பார்த்தால் இன்னொரு மூலை தெரியாதபடி பண்ணிவிட்டாள். பீப்பாய்த் தண்ணீரில் நெளிகிற புழுவைக் கரண்டியில் எடுத்து, ஒரே இடத்தில் போடாமல் ஐந்தாறு இடத்தில் போடுவாள். இத்தனைக்கும் பிறகு ஒன்று கடித்தால், வட்டவளை நானா கடையில் வாங்கிவந்த மிட்டாய் போத்தல் இருந்தது. கடித்தவளைக் கோப்பையால் மொண்டு போத்தலில் விட்டு, தனியாக நாலு நாள் வைப்பாள். நாலு நாளைக்குள் தொட்டியில் கல்லையும் பாசியையும் இடம் மாற்றிவிடுவாள். பிறகுதான் திரும்ப விடுவாள். உள்ளே போகிறவளுக்கு இது என் மூலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது, புதுசாக வந்தவள் மாதிரி அடங்கிப் போவாள். கங்காணியே நாலைந்து தடவை போத்தலுக்குப் போய் வந்தாள்.

எனக்கும் அதே வைத்தியம் நடந்தது, அப்போது தெரியவில்லை. தோட்டக்காரன் குசினி வாசலில் வந்து உட்கார்ந்தால் எனக்கும் அவனுக்கும் பொருதிக்கொள்ளும். ஒருநாள் என் காய்கறி வெட்டும் பலகை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வெளிச்சம் நல்லா இருக்குதேன்னு வச்சேன் என்றாள். வெளிச்சமும் நன்றாகத்தான் இருந்தது. தோட்டக்காரன் என் கண்ணில் படுவது குறைந்தது, மூன்று மாதம் ஒரு சண்டை இல்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னையும் ஒரு மீனாக்கிவிட்டாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது. பலகையைப் பழைய இடத்திலேயே போட்டேன். அவள் வந்து பார்த்தாள்.

“ஒங்களுக்குக் கோடு விழுந்திருக்குண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிற துரைமார் வழியில் எங்கள் பங்களாவில் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் விருந்தாளி அதிகம், கூட ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி, ஒருவழியாக என் அக்காள் மகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். துடிப்பான பெண், வாய் கொஞ்சம் நீளம். விருந்து நாளன்று துரைசாணி மீன் தொட்டியைப் பெரிய அறையில் கணப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மீனுக்குப் பொறுப்பானவள் விருந்தாளி அறைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. தொட்டி கனமாக இருந்தது, பாசியும் ஓடும் பார்க்க அசிங்கமாகவும் இருந்தது. அந்தக் குப்பையை எல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் பளிச்சென்று வை என்று அக்காள் மகளிடம் சொன்னது நான்தான். தூக்கிக்கொண்டு போய் வைத்து, மேலே வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றியதும் நான்தான்.

அவள் கோப்பைத் தட்டோடு வாசலுக்கு வந்தபோது, உள்ளே துரைமார் எட்டுப் பேர் தொட்டியைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் தண்ணீரில் ஆறு மீன். ஒளிய ஒரு இலை இல்லை. பக்கத்தில் தீ. நாலு மீனுக்குக் கோடு விழுந்திருந்தது, அது வாசலிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தட்டைத் தரையில் வைத்தாள். துரைமார் நடுவில் ஒரு வேலைக்காரி கூப்பிடாமல் நுழையக் கூடாது. அவள் நேராக நடந்துபோய், சட்டைக்கையை ஏற்றி, தழும்பு விழுந்த கையைத் தோள் வரைக்கும் தண்ணீரில் விட்டாள். கையைக் குறுக்கே நீட்டி, உள்ளங்கையைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் கங்காணி, மறுபக்கம் மற்ற ஐந்தும்.

“அண்ணே, போத்தல்” என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நகர்ந்தால் யார் தொட்டியைத் துடைத்தது என்ற பேச்சு வரும். நகரவில்லை. கங்காணி அந்தக் கையைக் கொத்தியது, மேலே ஏறப் பார்த்தது, கீழே புகப் பார்த்தது. எந்தப் பக்கம் போனாலும் கை கூடவே போயிற்று. துரைமாருக்கு அது நல்ல வேடிக்கையாகிவிட்டது. ஒருத்தர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்கிறாள் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது, அவர்களும் கிளம்பவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றாள். கையைப் பார்த்தால் தோல் வெளுத்து ஊறிப் போயிருந்தது. முகத்தை நான் பார்க்கவில்லை. கார்கள் போன பிறகுதான் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மீன்கூடச் சாகவில்லை.

யார் தொட்டியைக் காலி செய்தது என்று துரைசாணி கேட்டார். காலியாக இருந்தது அம்மா, இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள். நானும் அங்கேதான் நின்றேன். 

ஆனால் உள்ளே நடந்த பேச்சைக் கேட்காத என் அக்காள் மகள், இவள் தன்னைப் போட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு குசினியில் பாத்திரம் பறந்தது. இவள் அரிசிப் பெட்டியை நகர்த்திப் பார்த்தாள். பாத்திரம் விளக்குவதை வெளிமுற்றத்துக்குக் கொண்டுபோனாள். எங்கே போனாலும் இந்தப் பெண் பின்னாலேயே போய் வம்புக்கு இழுத்தது. ஒருநாள் சத்தம் சாப்பாட்டு மேசை வரைக்கும் கேட்டுவிட்டது. துரைசாணி என்னைக் கூப்பிட்டு, இரண்டு பேரில் ஒருத்தி போக வேண்டும், யார் என்று நீயே முடிவு பண்ணு என்றார்.

முடிவு பண்ண எனக்கு அரை நிமிஷம் ஆகவில்லை. முற்றத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவளிடம் போய், ரொம்பத் தன்மையாகப் பேசினேன். நாலே நாலு நாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டு வா, அதற்குள் எல்லாம் அடங்கிவிடும், கங்காணியை நீ போத்தலில் வைக்கிறாயே, அந்த மாதிரிதான் என்றேன். அவளுடைய வித்தையையே எடுத்து அவளிடம் நீட்டியதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

அவள் கையைச் சாம்பலோடு அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“போத்தல்ல போடுறது கடிச்சவளத்தானேண்ணே. நான் யாரக் கடிச்சேன்?”

அவளை எனக்குத் தெரிந்த காலம் முழுவதும், யார் பக்கம் தப்பு என்று அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான். பதில் எனக்குத் தெரியும். நாலு நாள்தானே தங்கச்சி, நான் இருக்கிறேன் என்றேன்.

ஐந்தாம் நாள் விடியக்காலையில் துணி மூட்டையோடு பின்வாசலில் வந்து நின்றாள். விறகு அறைக்குப் பக்கத்து அறையில் என் அக்காள் மகளுடைய பெட்டி இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. அவள் பார்த்துவிட்டாள். துரைசாணி ஊரில் இல்லை, இன்னும் ரெண்டு நாள் பொறு, சொல்லி அனுப்புகிறேன் என்றேன். துரைசாணி முன் அறையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. அவள் தலையை ஆட்டினாள். சாமான் அறைக்குப் போய்த் தொட்டியை ஒருதரம் பார்த்துவிட்டு வந்து, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறினாள்.

மீன்களுக்குக் கோடு விழுவதைப் பார்க்க அதற்குப் பிறகு ஆள் இல்லை. ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசியில் கங்காணி மட்டும் அத்தனை பெரிய தொட்டியில் தனியாகப் பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. என் அக்காள் மகளுக்குப் பூண்டுலோயாவில் மாப்பிள்ளை அமைந்து அவளும் போய்விட்டாள். துரைசாணி மறுபடியும் கொழும்பில் மீனுக்குச் சொல்லி வைத்துவிட்டு, அந்தப் பழைய பொம்பளையைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதத்தில் அவளுக்குச் சொல்லி அனுப்ப எனக்கு ஒருநாள்கூட நேரம் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்துக்குப் போனேன். காம்பராவுக்குள் ஓரகத்திகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது அடுப்பைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன், வெளியே கையைக் காட்டினார்கள். முன் இஸ்தோப்புத் திண்ணையின் மூலையில் தேயிலைச் சாக்கைக் கிழித்துத் தைத்து, கூரையிலிருந்து தரை வரைக்கும் மூன்று பக்கமும் தொங்கவிட்டிருந்தது. விலக்கிப் பார்த்தேன். ஒரு அடுப்பு, சுருட்டி வைத்த பாய், ஒரு பானை. அவள் காலை மடக்கித்தான் உட்கார்ந்திருந்தாள், நீட்டினால் சாக்குக்கு வெளியே வரும். உள்ளே இருந்து பார்த்தால் யாருடைய முகமும் தெரியாது. வெளியே இருந்து பார்த்தாலும் அவள் தெரிய மாட்டாள். அந்தக் காம்பராவில் சண்டை நின்று பல மாதம் ஆகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

கடித்தது நான், நீ யாரையும் கடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். கோயில் சத்தியமாக. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது மீன் கதை. துரைசாணி கூப்பிடுகிறார், புது மீன் வருகிறது, அறை காலியாக இருக்கிறது, தாழ்ப்பாளுக்கு எண்ணெய்கூடப் போட்டு வைத்திருக்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நாலு நாள் முடிஞ்சிருச்சாண்ணே?” என்றாள்.

அதில் கோபம் இல்லை. நிஜமாகவே கணக்குக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். நான் சாக்கைப் பிடித்தபடி நின்றேன். பானையில் உலை கொதித்தது. அவள் அரிசியைக் களைந்து போட்டாள். பிறகு எட்டி, என் கையிலிருந்து சாக்கை மெதுவாக விடுவித்து, பழையபடி இழுத்துவிட்டுக்கொண்டாள்.